முதலாண்டில் மூன்று இடங்களில் பெயர் கொடுத்தேன், ஒன்றில்தான் இருக்கிறேன்: குமரி மாவட்டக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி

மலையோரப் பிள்ளை | ஆகஸ்ட் 2, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். வீடு குலசேகரத்துக்கு மேலே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளியில் விளையாட்டுக்கு ஒதுக்கிய பாடவேளையில் கணக்கு ஆசிரியர்தான் வருவார். அதனால் கல்லூரியில் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று பிளஸ் டூ படிக்கும்போதே தீர்மானித்திருந்தேன்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று இடங்களில் பெயர் கொடுத்தேன். முதலில் கபடி. ஐந்து நாள் போனேன். என்னோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடிவருகிறவர்கள். பாடி வருகிறவளை எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிகிறது. ஒருத்தி கண்ணைக் காட்டினால் அடுத்தவள் கையைக் கோத்துக்கொள்கிறாள். நான் எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சலாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எதைத் திருத்துவது என்று தெரிந்திருக்கும். ஆறாம் நாள் போகவில்லை.

இரண்டாவது தமிழ் மன்றம். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனேன். பேசுவதற்கு இரண்டாமாண்டு அக்காமார் நான்கு பேர் தயாராக இருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டினோம். அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் மட்டும் இன்னும் இருக்கிறேன்.

பஸ் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். வடசேரியில் பஸ் ஏறி, தக்கலை வழியாகக் குலசேகரம் போய், அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னொரு பஸ். அந்தக் கடைசிப் பஸ் ஏழு இருபதுக்கு. கபடிப் பயிற்சி முடிய ஐந்தரை ஆகும். ஒருநாள் மழையில் தக்கலையில் நெரிசலில் மாட்டிக் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டேன். அப்பா டார்ச்சோடு குலசேகரம் வரை நடந்து வந்தார். மறுநாள் அதிகாலையில் அவர் வெட்டுக்குப் போக வேண்டும். அம்மா அன்றோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

தோழிகள் என்னை எதிலும் நிலையாக நில்லாதவள் என்கிறார்கள். ஐந்து நாளில் விலகியது தவறா? எதையும் முன்பு கற்காத ஒருத்தி எதில் சேர்ந்தால் நிலைக்க முடியும்? இங்கே படித்தவர்கள், படிக்கிறவர்கள் சொல்லுங்கள்.


கரமடி | ஆகஸ்ட் 2, இரவு 10:05

தங்கச்சி, நான் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். போன ஆண்டு படிப்பை முடித்தேன். மூன்றாண்டும் கல்லூரிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர்.

நீ கபடியில் பார்த்ததை, கால்பந்தில் நான் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே மணலில் பந்து உதைக்கிறார்கள். வலை காயப்போடாத இடமெல்லாம் மைதானம்தான். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர் அணிக்கும் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கும் ஆடினார். அவர் ஓடிப் பழகியதும் இதே கரையில்தான். அப்படி வளர்ந்த பதினைந்து பேர் நிற்கும் இடத்துக்கு, பந்தையே தொடாத ஒருவர் முதலாண்டில் வந்தால், நாங்கள் அவரை வெறுக்க மாட்டோம். ஆனால் பந்தை அவருக்குத் தர மாட்டோம். கால் தானாகவே தெரிந்தவன் பக்கம் திரும்பிவிடும். உனக்கு நடந்ததும் அதுதான். அதில் உன் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கைக் கண்ணால் பார்த்தேன். தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குப் பூ வியாபாரம். முதலாண்டு முழுவதும் அவனுக்கு ஆடக் கிடைக்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை எடுத்துத் தருவான். எனக்குப் பின்னால் நின்றதால், எதிரணி எங்கே திறக்கிறது என்பதை என்னைவிட நன்றாகப் பார்த்தான். இரண்டாமாண்டில் இடப்பக்கத் தடுப்பாளருக்கு முழங்கால் போனபோது, அவனை இறக்குங்கள் என்று நான்தான் பயிற்சியாளரிடம் சொன்னேன். மூன்றாமாண்டில் அந்த இடம் அவனுடையது. ஆகையால் கபடியை முழுவதும் கைவிட்டுவிடாதே என்று சொல்லத் தோன்றுகிறது. ஐந்து நாள் மிகக் குறைவு.


வள்ளியாறு | ஆகஸ்ட் 2, இரவு 11:30

நான் மாறுபடுகிறேன். அந்தப் பையனுக்கு ஓராண்டு காத்திருக்க நேரம் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு ஏழு இருபது பஸ் இருக்கிறது.

என் அனுபவம் இது. முதலாண்டில் ஐந்து இடங்களில் சேர்ந்தேன்: நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், வினாடி வினா, கைப்பந்து, துறை மன்றம். எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் என் எண் இருந்தது. செமஸ்டர் முடிவில் இரண்டு அரியர். அதில் ஒன்றை எழுதித் தீர்க்க மூன்று முறை ஆனது. ஆன் டியூட்டி வாங்கினால் வருகைப் பதிவில் இடிக்காது என்பார்கள். வருகை கிடைத்துவிடும், அந்த நேரத்தில் நடத்திய பாடம் கிடைக்காது. வேதியியல் படிக்கிறவருக்கு ஆய்வகம் ஒருநாள் தவறினால் அதைத் திரும்பச் செய்ய வழியில்லை.

எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது என்ற எண்ணமே எனக்குச் சரியாகப் படவில்லை. பால்வெட்டி மகளைப் படிக்க வைக்கும் அப்பாவை டார்ச்சோடு நடக்க வைக்கும் அளவுக்கு எந்த விளையாட்டும் பெரிதில்லை.


மலையோரப் பிள்ளை | ஆகஸ்ட் 3, காலை 6:20

வள்ளியாறு அண்ணா, நீங்கள் சொன்ன கடைசி வரி இரவெல்லாம் மனதில் இருந்தது. காலையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரட்டைகளைத் துடைத்துக்கொண்டே, "நடந்தது நான். கஷ்டமா இல்லையா என்று என்னிடம் கேட்கச் சொல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உங்கள் மீது கோபமில்லை. அவர் சொன்னதை எழுத வேண்டும் போலிருந்தது.


பழைய மைதானம் | ஆகஸ்ட் 3, காலை 9:45

மக்களே, உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நான் இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் உன்னைப் போன்ற இருபது, முப்பது பேர் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். செப்டம்பரில் அவர்களில் ஐந்து பேர் இருந்தால் அதிகம். போனவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் என்னிடம் எந்த விளையாட்டு பிடிக்கும் என்று சொன்னார்கள்; நானும் அதையே எழுதிக்கொண்டு அங்கே அனுப்பினேன். ஆள் நிறைந்த இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நாளை உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் போய் இந்த ஒரு கேள்வியைக் கேள்: "ஐயா, பெண்கள் அணியில் எதற்கு ஆள் குறைகிறது?" அவர் முகம் மலர்வதை நீயே பார்ப்பாய். கபடிக்கும் கைப்பந்துக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும். கோ-கோ, ஹேண்ட்பால், பூப்பந்து, பளு தூக்குதல் இவற்றுக்கெல்லாம் பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் வரை நாங்கள் வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் தேடியிருக்கிறோம். அங்கே போகிறவளை யாரும் இடைஞ்சலாக நினைப்பதில்லை. அவள் வராவிட்டால் அணியே இல்லை.

நீ மலையோரத்தில் வளர்ந்தவள் என்பதால் கோ-கோவை எண்ணிப் பார். எட்டுப் பேர் வரிசையில் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி விரட்டுவாள். விரட்டுகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் கம்பத்தை எட்டும்வரை திரும்பக் கூடாது. உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகில் தட்டி "கோ" சொன்னால் அவள் எழுந்து தொடர வேண்டும். இதில் உடல் எடையைவிட, உட்கார்ந்த நிலையிலிருந்து ஒரே உந்தில் எழும் தொடை வலு பெரிது. சரிவில் ஏறி இறங்கிப் பால் எடுத்த கால்களுக்கு அது ஏற்கெனவே இருக்கும். விதிகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் ஆண், பெண் இரு பிரிவிலும் நம் நாடுதான் வென்றது என்பதையும் அம்மாவிடம் சொல்.

எதில் சேர்ந்தாலும் முதல் மூன்று வாரத்தைக் கணக்கில் கொள்ளாதே. முதல் வாரம் தொடை வலிக்கும், இரண்டாம் வாரம் முழங்கால் வலிக்கும், மூன்றாம் வாரம் எதற்காக வந்தோம் என்று மனம் வலிக்கும். நான்காம் வாரத்தில்தான் உண்மையாகவே அது உனக்குப் பிடிக்கிறதா என்பது தெரியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை என்பதையும் மறக்காதே. ஜூன், ஜூலையில் தென்மேற்கு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. இடைப்பட்ட ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மழை குறைந்து மைதானம் ஓரளவு காயும். புதியவர்கள் கற்க இதைவிட நல்ல காலம் இல்லை.

சாப்பாடு: காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் இருந்தால் வேறு எந்தச் சத்துமாவும் தேவையில்லை.


தோவாளைப் பிச்சி | ஆகஸ்ட் 3, பிற்பகல் 2:10

நானும் மாணவிதான், இரண்டாமாண்டு. தேசிய மாணவர் படையில் இருக்கிறேன். இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சில கதவுகள் முதலாண்டில் மட்டுமே திறந்திருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இரண்டாண்டில் 240 மணி நேரம், கூடவே ஒரு ஏழு நாள் முகாம். முதலாண்டில் விட்டால் இரண்டாமாண்டிலும் சேரலாம். ஆனால் தேசிய மாணவர் படையில் பி சான்றிதழ் வாங்க இரண்டாண்டு, சி சான்றிதழுக்கு மூன்றாமாண்டும் வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாமாண்டில் சேர்ந்தால் சி சான்றிதழ் கைக்கு வராது. சி சான்றிதழ் இருந்தால் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர எழுத்துத் தேர்வு இல்லாத தனி வழி ஒன்று இருக்கிறது. அதில் நாட்டம் இருந்தால் இந்த மாதமே முடிவு செய். நாட்டம் இல்லையென்றால் சான்றிதழுக்காக மட்டும் வராதே. காலை அணிவகுப்புக்குக் குலசேகரத்திலிருந்து வருவது பெரும்பாடு.

இன்னொன்று. எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் பெண்கள் விளையாட்டை விட்டுப்போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பதால் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி மைதானத்துக்கு அருகில் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை இல்லை. வகுப்புக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கழிப்பறைக்குப் போய் மாற்றிக்கொண்டு இறங்கி வர வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அந்த மூன்று மாடியை நினைத்தே பலர் வருவதில்லை. வராத நாட்களுக்கு உண்மையான காரணத்தை ஆண் பயிற்சியாளரிடம் சொல்ல முடியாமல் "தலைவலி" என்று சொல்லி, பிறகு பொய் சொல்கிறாள் என்று பெயர் வாங்கி, கடைசியில் நின்றே போனவர்களை எனக்குத் தெரியும். போன ஆண்டு நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு, கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பொருட்கள் அறையைக் கேட்டு மனு கொடுத்தோம். நான்கு மாதம் அலைந்தபின் சாவி கிடைத்தது. உன் கல்லூரியில் எப்படி என்று சேரும் முன் பார். இல்லையென்றால் கேள். தனியாகக் கேட்காதே, சேர்ந்து கேளுங்கள்.


பழைய மைதானம் | ஆகஸ்ட் 3, மாலை 4:30

தோவாளைப் பிச்சி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் காலத்தில் பெண் பிள்ளைகள் "தலைவலி" என்றபோது நான் நம்பாமல் இருந்திருக்கிறேன். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னதும் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வழியில்லை. பணியில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். உன் பதிவை இன்றே அவர்களுக்கு அனுப்புகிறேன்.


உடுக்கை | ஆகஸ்ட் 3, இரவு 8:15

தமிழ் மன்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் ஊர் பூதப்பாண்டி. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேடை என்றால் ஒரு பற்று உண்டு. ஆனால் பேச்சுப் போட்டியும் கபடி மாதிரிதான். பள்ளியிலேயே மேடை ஏறியவர்கள் ஒலிவாங்கியை விடமாட்டார்கள்.

நான் நுழைந்த வாசல் வில்லுப்பாட்டு. எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் குழு சேர்த்தார். நடுவில் வில்லோடு அண்ணாவி; வலத்தே பாட ஒருவர், இடத்தே பாட ஒருவர்; குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. அண்ணாவி கதை சொல்லச் சொல்ல மற்றவர்கள் "ஆமா" போட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் அந்த "ஆமா" சரியான இடத்தில் விழாவிட்டால் கதையே தளர்ந்துவிடும். எனக்குப் பாட வராது, பேச வராது. இரண்டு மாதம் ஆமா போட்டேன். கதை முழுவதும் நெஞ்சில் ஏறிவிட்டது. பிறகு ஜால்ரா கொடுத்தார்கள். இப்போது உடுக்கை அடிக்கிறேன். புதிதாக வருகிறவருக்கு உட்கார ஓர் இடத்தை அந்தக் கலையே வைத்திருக்கிறது. மேற்கே களியல் ஆட்டக் குழுக்களும் உண்டு. கோலைக் கையில் கொடுத்து வட்டத்தில் நிறுத்திவிடுவார்கள், சுற்றிச் சுற்றித்தான் கற்க வேண்டும்.

உங்கள் மன்றத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால், பேசும் நான்கு அக்காமாரில் ஒருவரிடம் போய், கூட்டக் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று சொல். அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாத மன்றத்துக்குத் தேதியை எழுதி ஒட்டும் ஒருத்திதான் முதல் தேவை.


தேரூர் நாரை | ஆகஸ்ட் 3, இரவு 9:50

பஸ் பிரச்சினைக்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது: பறவை நோக்குதல். இதற்குக் கல்லூரியில் மாலை வரை நிற்க வேண்டியதில்லை.

நான் தேரூர்க்காரன். கவிமணி பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். ஊரின் குளத்தை அவ்வளவாகத் தெரியாது. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வந்து பார். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, தாழைக்கோழி எல்லாம் பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் நீ இங்கே வர வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் மலைப்பக்கம் எங்களுக்குக் கிடைக்காத காட்டுப் பறவைகள் இருக்கின்றன. அப்பா அதிகாலையில் வெட்டுக்குப் போகும்போது எந்தப் பறவை முதலில் கத்துகிறது என்று கேட்டுப் பார். அவருக்குத் தெரிந்திருக்கும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். தோட்டப் பகுதியிலிருந்து பதிவுகள் குறைவு. அங்கே நீ எழுதும் ஒவ்வொரு பட்டியலும் உண்மையாகவே பயன்படும்.


கருங்கல் அம்மா | ஆகஸ்ட் 4, காலை 11:20

பிள்ளைகள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகள் ஹேண்ட்பால் ஆடுகிறாள். அவள்தான் இந்த இழையைக் காட்டினாள். உன் அம்மாவின் இடத்திலிருந்து எழுதுகிறேன், மோளே.

அம்மா போதும் என்று சொன்னதை, விளையாட்டு வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் வெயிலில் கறுத்துப் போவாள், அரைக்கால் சட்டை போடுவாள், ஊர் பேசும் என்றெல்லாம் வாயில் வந்தது. உள்ளே இருந்தது வேறு. இருட்டிய பிறகு என் பிள்ளை எந்த நிறுத்தத்தில் யாரோடு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல வராமல் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

என்னை மாற்றியது மூன்று காரியம். அவள் பயிற்சியாளரின் எண்ணையும் அணித் தலைவியின் எண்ணையும் என் போனில் பதிந்து தந்தாள். எங்கள் வழியில் பஸ் ஏறும் இன்னொரு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட வைத்தாள். அதன்பின் அது இரண்டு பிள்ளைகளின் பயணம் ஆயிற்று. மூன்றாவது, ஒரு சனிக்கிழமை என்னை மைதானத்துக்கே கூட்டிப்போனாள். மகள் பந்தைப் பிடித்து எறிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் கத்தி எல்லாரையும் நிறுத்தினாள். வீட்டில் சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட மெதுவாகக் கேட்கிற பிள்ளை.

அம்மாவை ஒருநாள் கூட்டிப்போ.


வள்ளியாறு | ஆகஸ்ட் 4, இரவு 10:40

அப்பா சொன்னதற்கு நான் பதில் எழுதாமல் இருந்தது சரியில்லை. அவர் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிடு.

படிப்பைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் என் தவறு சேர்ந்ததில் இல்லை என்று இந்த இழையைப் படித்தபோது தோன்றியது. ஐந்து இடங்களிலும் நான் கூட்டத்தில் ஒருவன். நான் போகாவிட்டாலும் எங்கும் எதுவும் நின்றுபோகவில்லை. அதனால் எதையும் விடவும் முடியவில்லை, எதிலும் இருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. ஆய்வகம் இருக்கும் நாட்களைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடு.


மலையோரப் பிள்ளை | ஆகஸ்ட் 24, இரவு 8:30

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

பழைய மைதானம் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். எங்கள் உடற்கல்வி இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கோ-கோவுக்கு ஒன்பது பேர் களத்தில் வேண்டும். ஏழு பேர்தான் இருந்தார்கள். நானும் என்னோடு படிக்கும் ஆற்றூர்ப் பெண் ஒருத்தியும் சேர்ந்தோம். அவளும் நானும் ஒரே வழி. தக்கலை தாண்டியும் ஒரே பஸ்.

பயிற்சி நேரத்தைப் பற்றியும் கேட்டேன். ஒன்பது பேரில் ஐந்து பேர் தக்கலைக்கு மேற்கே இருந்து வருகிறவர்கள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அதுவரை கேட்டதில்லை. இப்போது செவ்வாய், வியாழன் மாலை நாலரைக்கே முடித்துவிடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் நீண்ட பயிற்சி. புதன்கிழமை ஆய்வகம், அன்று வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் வாரத்தில் தொடை வலித்தது. இரண்டாம் வாரத்தில் முழங்கால். ஐயா சொன்ன மூன்றாம் வாரம்தான் இப்போது. வியாழக்கிழமை நான் கோ கொடுக்கும் முன்பே கோட்டைத் தாண்டி நான்கு முறை தவறு செய்தேன். ஆனால் கபடியில் இருந்ததுபோல் இல்லை. "நீ எழுந்திரிப்பது நல்லா இருக்கு, கைதான் முந்துது" என்று அணித் தலைவி சொன்னார். எதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது.

கரமடி அண்ணா, கபடிப் பெண்களிடம் பேசினேன். நான் வராததை அவர்கள் கவனித்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் அணியின் பத்தாவது ஆளாக வருகிறாள்.

தேரூர் நாரை அண்ணா, அப்பாவிடம் கேட்டேன். விடியும் முன் முதலில் கத்துவது கரிச்சான் என்றார். இருட்டிலேயே வாலை வைத்து எனக்கு அடையாளம் காட்டினார். நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.


கரமடி | ஆகஸ்ட் 24, இரவு 9:02

பத்தாவது ஆளையும் நீயே கொண்டுவந்துவிட்டாயே, தங்கச்சி! போட்டி எப்போது?


மலையோரப் பிள்ளை | செப்டம்பர் 13, மாலை 6:45

ஓணத்துக்குப் பிறகு பக்கத்துக் கல்லூரியோடு ஒரு நட்புப் போட்டி நடந்தது. இன்று காலைதான் முடிந்தது. தோற்றோம். விரட்டுகிறவளிடம் பிடிபடாமல் ஓடும் தடுப்பாட்டத்தில் மூன்று மூன்று பேராக இறங்குவோம்; நான் இரண்டாவது மூவரில் ஒருத்தி. ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடிபடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தது ஆற்றூர்க்காரி.

அம்மா வந்திருந்தார். மைதானத்தின் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் கருங்கல் அம்மாவின் மகளோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒன்றும் பேசவில்லை. தக்கலை தாண்டியதும், விரட்டுகிறவள் ஏன் பின்னால் திரும்பி ஓடாமல் கம்பம் வரை போனாள் என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். குலசேகரம் வரும்வரை அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

முழங்காலில் தோல் உரிந்திருக்கிறது. பழைய மைதானம் ஐயா, மண் ஒட்டிய காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவலாமா, சோப்புப் போட வேண்டுமா?


பழைய மைதானம் | செப்டம்பர் 13, இரவு 7:10

உப்புத் தண்ணீர் வேண்டாம், எரியும். ஓடும் தண்ணீரில் மண் போகும்வரை கழுவி, சுற்றியுள்ள தோலைச் சோப்பால் சுத்தம் செய். தடுப்பூசி எப்போது போட்டாய் என்று அம்மாவிடம் கேள். ஐந்தாண்டு தாண்டியிருந்தால் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்டுவிடு. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு உட்கார்.

ஒரு நிமிடத்துக்கும் மேல் என்றாயே, சரியாக எத்தனை வினாடி?